மகன் ஐ.நா. மிஷனுக்குப் போகிறான்: பெற்றோர் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

என் மகன் தெற்கு சூடானில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தான். நாங்கள் தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். அவன் திரும்பி வந்த விஷயம் தெரிந்ததும், பட்டாளத்தில் பிள்ளை இருக்கிற பெற்றோர் கொருக்குப்பேட்டை, காலடிப்பேட்டை, வியாசர்பாடி என்று நாலு பக்கமிருந்தும் பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வர ஆரம்பித்தார்கள். அநேகமாக எல்லோரும் தடுக்கி விழுந்த இடம் ஒன்றுதான். பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய வேலையை, அவன் போன பிறகு செய்யப் பார்க்கிறார்கள்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதல் நான்கும் அவன் கிளம்புவதற்கு முன். அடுத்த ஐந்தும் அவன் அங்கே இருக்கும்போது. கடைசியாக இருப்பது அவன் திரும்பி வந்த பிறகு.

1. எந்த நாடு என்பதோடு நிறுத்தாமல் எந்த ஊர் என்று கேளுங்கள்

நம் பிள்ளைகள் வெளிநாட்டுப் பணிக்குப் போவது பெரும்பாலும் ஐ.நா. அமைதிப் படைக்குத்தான். தெற்கு சூடான், காங்கோ, லெபனான், சிரியா எல்லையில் இருக்கும் கோலன் குன்றுகள், சூடானுக்கும் தெற்கு சூடானுக்கும் நடுவே இருக்கும் அபியே ஆகிய இடங்களில் இந்தியப் படை இருக்கிறது. பட்டாலியனோடு போனால் வழக்கமாக ஒரு வருஷம்.

நாட்டின் பெயர் மட்டும் தெரிந்தால் டிவியில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தெற்கு சூடானில் தலைநகர் ஜுபாவுக்கும் வடக்கே இருக்கும் மலக்காலுக்கும் நடுவே சுமார் 500 கிலோமீட்டர். ஜுபாவில் ஏதோ நடந்தால் மலக்காலில் இருக்கும் பிள்ளைக்கு அது தெரிந்தேகூட இருக்காது. வரைபடத்தைத் திறந்து, அவன் சொல்லும் ஊரை அவன் பக்கத்தில் இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பெயர் உங்கள் வீட்டுக்குள் மட்டும் இருக்கட்டும். காரணத்தை 8-இல் சொல்கிறேன்.

கிளம்பும் முன் டெல்லியில் பயிற்சி நடக்கும். அந்த நாட்களில் போன் எடுக்கும், கிளார்க் பக்கத்தில் இருப்பார், கையெழுத்து வாங்கலாம். விட்டுப்போன வேலைக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

2. ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள்

அவனையே உட்கார வைத்து, அவன் கையெழுத்தில் எழுத வைக்க வேண்டியவை: ஆர்மி நம்பர், ரேங்க், ராணுவ ரெக்கார்டில் இருக்கிறபடி முழுப் பெயர், யூனிட், ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் (அவனுடைய பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) முகவரி. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் ரெக்கார்ட்ஸ் வெலிங்டனில். எம்.ஈ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரில். பீரங்கிப் படை என்றால் நாசிக்கில். மகன் டெல்லியிலிருந்து கிளம்புகிறான் என்பதால் ரெக்கார்ட்ஸும் டெல்லியில்தான் இருக்கும் என்று நினைத்து அங்கே கடிதம் போட்டு இரண்டு மாதம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவற்றோடு முக்கியமான இன்னொன்று, யூனிட்டின் ரியர் பார்ட்டி போன் நம்பர். யூனிட் வெளிநாடு போனாலும் கொஞ்சம் பேர் இந்தியாவிலேயே இருப்பார்கள். அவசரத்துக்கு உங்களுக்கு வழி அவர்கள்தான். கூடவே, அவனோடு போகிற தமிழ்ப் பையன்கள் இரண்டு பேரின் பெயரும் அவர்கள் வீட்டு நம்பரும் இருக்கட்டும்.

நான்கு ஜெராக்ஸ் எடுங்கள். ஒன்று பீரோவில், ஒன்று உங்கள் பையில், ஒன்று வெளியூரில் இருக்கும் சொந்தக்காரரிடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, முழங்கால் தண்ணீர். அங்கே அவன் டிவியில் சென்னையைப் பார்த்துவிட்டுத் துடித்திருக்கிறான். கடைசியில் சேலத்தில் இருக்கும் என் தம்பி மூலமாகத்தான் நாங்கள் பத்திரமாக இருப்பது அவனுக்குத் தெரிந்தது. கவலை இரண்டு பக்கமும் ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான்காவது ஜெராக்ஸை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மேல் அலமாரியில் வையுங்கள்.

3. பெயர்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நம் ஊர் இனிஷியல் முறை வடக்கே இருக்கும் கிளார்க்குகளுக்குப் புரிவதில்லை. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிடுவார்கள். அம்மா பெயரை, பட்டாளத்தில் சேரும்போது பையன் வாயால் சொன்னபடி எழுதியிருப்பார்கள்.

ராயபுரத்து அக்கா ஒருவர் ஆதாரையும் மகனின் ரெக்கார்ட் நகலையும் என் கவுன்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆதாரில் ‘பேபி’. ரெக்கார்டில் ‘பேபியம்மாள்’. ரேஷன் கார்டில் ‘பேபி ரா’. மூன்றும் அவர்தான். ஆனால் மூன்றும் ஒருவர்தான் என்று நிரூபிக்க அவருக்கு ஐந்து மாதம் ஆயிற்று, மகன் ஆப்பிரிக்காவில் இருந்ததால். பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு விண்ணப்பமும் கையெழுத்தும் கொடுத்து யூனிட்டிலேயே பார்ட் டூ ஆர்டர் (ரெக்கார்டில் மாற்றத்தைப் பதியும் உத்தரவு) போட வைத்திருப்பான்.

ஆகவே அவன் கிளம்பும் முன் இந்த நான்கையும் கேளுங்கள். ரெக்கார்டில் அப்பா, அம்மா பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா? ஆர்மி குரூப் இன்ஷூரன்ஸில் யார் நாமினி, எத்தனை பங்கு? பி.எஃப். நாமினி யார்? சம்பள வங்கிக் கணக்கில் நாமினி இருக்கிறதா? நாமினி பற்றிப் பேசுவது அபசகுனம் என்று என் மாமியார் எழுந்தே போய்விட்டார். நானும் அழுதுகொண்டுதான் கேட்டேன். ஆனாலும் கேளுங்கள். கேட்காமல் விட்ட வீடுகளில் பிறகு நடந்த சண்டைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பையனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் இன்னொரு விஷயம். மனைவியின் பெயர் ரெக்கார்டில் ஏறியதும் நெருங்கிய உறவு என்ற இடத்தில் அவள்தான் இருப்பாள். யூனிட்டிலிருந்து முதல் போன் மருமகளுக்குத்தான் போகும். இதைக் கேட்டு, பெற்ற வயிறு எரிகிறது என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. அது ராணுவ விதிப்படி இருக்கிற முறை. அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேசி, செய்தி வந்தால் ஒருவருக்கொருவர் உடனே சொல்வது என்று இப்போதே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவளும் அதே பயத்தோடுதான் படுத்து எழுந்திருக்கிறாள்.

4. பவர், வங்கி, சிம், வைத்தியம்

வீடு, மனை, கடன் என்று ஏதாவது அவன் பெயரில் இருந்தால் கிளம்பும் முன் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உங்கள் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். எந்தச் சொத்துக்கு, எந்த வேலைக்கு என்று குறிப்பாக எழுதுவது நல்லது. அங்கே போன பிறகு எழுத வேண்டுமானால் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்க வேண்டும், தாள் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். மலக்காலில் இருக்கிற சிப்பாய் ஒரு கையெழுத்துக்காக ஜுபா தூதரகத்துக்குப் போய்வருவது நடக்கிற காரியமில்லை. பவரை வைத்து விற்பனை செய்யப்போனால் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் அவனும் நீங்களும் சேர்ந்த ஒரு கூட்டுக் கணக்கு போதும். மாதம் ஒரு தொகை அதில் தானாக விழும்படி செய்யச் சொல்லுங்கள். ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வது வேலைக்கு ஆகாது. கார்டு காலாவதி ஆனால் எல்லாம் நின்றுவிடும்.

அவனுடைய இந்திய சிம் பற்றி யாரும் நினைப்பதே இல்லை. 90 நாள் பயன்படுத்தாமல் கிடக்கும் சிம்மை கம்பெனி நிறுத்திவிடலாம். வங்கி, ஆதார், பான் எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கும். அந்த சிம்மை அவன் எடுத்துப் போகவில்லை என்றால், ஒரு பட்டன் போனில் போட்டு வீட்டில் வைத்து ரீசார்ஜ் செய்யுங்கள். வாரம் ஒரு தடவை அதிலிருந்து யாருக்காவது கூப்பிடுங்கள். அதில் வரும் ஓ.டி.பி.யை அவன் முகம் தெரிகிற வீடியோ காலில் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

ராணுவ மருத்துவமனையில் வைத்தியத்துக்கு, அவனைச் சார்ந்தவர்கள் என்று காட்டும் டிபெண்டன்ட் கார்டு வேண்டும். பெற்றோர் இருவரின் மாத வருமானம் சேர்ந்து 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் தாண்டாமல் இருந்தால்தான் சார்ந்தவர் என்று எடுத்துக்கொள்வார்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கார்டு கைக்கு வந்ததும் பரங்கிமலையில் இருக்கும் ராணுவ மருத்துவமனைக்கு ஒரு தடவை சும்மாவாவது போய் வாருங்கள். பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் நேராகப் பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கலாம். உடம்பு முடியாத அன்றைக்கு முதல் முறையாக வழி தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

5. பேசும் நேரத்தை ஒன்றாக வையுங்கள்

தெற்கு சூடானும் கிழக்குக் காங்கோவும் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். லெபனான் குளிர்காலத்தில் மூன்றரை, கோடையில் இரண்டரை, அங்கே கடிகாரத்தை மாற்றி வைப்பதால். நமக்கு ராத்திரி ஒன்பதரை என்றால் மலக்காலில் மாலை ஆறு. டியூட்டி முடிந்து குளித்துவிட்டு வருகிற நேரம். எங்கள் வீட்டில் அதைத்தான் வைத்துக்கொண்டோம்.

நீங்கள் கூப்பிடாதீர்கள், அவன் கூப்பிடட்டும். ரோந்தில் இருக்கிறவனுக்கு வீட்டிலிருந்து பத்து மிஸ்டு கால் வந்தால், அம்மாவுக்கு என்ன ஆச்சோ என்று கை நடுங்கும். தினமும் பேசுவோம் என்றும் பேசி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் ரோடு போய்விடும், நெட் போய்விடும், தூரத்து முகாமுக்கு ஒரு வாரம் அனுப்பிவிடுவார்கள். தினமும் என்று சொல்லியிருந்தால் முதல் நாள் தவறியதுமே வீடு கலங்கிப் போகும். வாரம் இரண்டு தடவை என்று வைத்து, அதற்கு மேல் வந்தால் சந்தோஷப்படுங்கள்.

எத்தனை நாள் வரை பொறுப்பது, எப்போது ரியர் பார்ட்டிக்குப் போன் செய்வது என்று அவனிடமே கேட்டு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பத்து நாள். இரண்டு தடவை எட்டாவது நாள் வரை போயிருக்கிறது. அந்த எட்டாவது நாள் ராத்திரி நானும் என் வீட்டுக்காரரும் கடையைச் சாத்தாமல் பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்குள் போனால் போன் அடிக்காது என்று ஒரு எண்ணம். பத்து என்று எழுதி வைத்திருந்ததால்தான் அன்றைக்கு யாரையும் தொந்தரவு செய்யாமல் இருந்தோம். மறுநாள் காலை பேசினான்.

6. எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது

இரண்டு விதமான தப்பு நடக்கிறது. சிலர் எல்லாவற்றையும் கொட்டுவார்கள்: தண்ணி லாரி வரவில்லை, மாமா பேசவில்லை, சீட்டுக்காரன் ஏமாற்றிவிட்டான். அங்கிருந்து அவனால் ஒன்றும் செய்ய முடியாது, தூக்கம்தான் போகும். துப்பாக்கியோடு நிற்கிற பிள்ளைக்குத் தூக்கம் முக்கியம்.

இன்னும் சிலர் எதையுமே சொல்ல மாட்டார்கள். நான் அந்தத் தப்பைச் செய்தேன். என் மாமியாரை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்ததை அவனிடம் மறைத்தேன். அவனோடு படித்த பையன் ஒருவன் “ஆயா இப்ப எப்படிடா இருக்காங்க?” என்று மெசேஜ் போட்டுவிட்டான். அன்று ராத்திரி என் மகன், “மா, நீ நல்லா இருக்கேன்னு சொன்னா இனிமே நான் எப்படி நம்புறது?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் ஒரு முறை வைத்துக்கொண்டோம். பெரிய விஷயத்தைச் சொல்லுவோம், ஆனால் என்ன செய்தோம் என்பதையும் சேர்த்தே சொல்லுவோம். “ஆயாவ சேர்த்திருக்கோம், சுகர் குறைஞ்சிடுச்சு, நைனா கூட இருக்கார், வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புறாங்க” என்று ஒரே மூச்சில். சின்னக் கஷ்டங்களை விட்டுவிடுவோம். மீதி நேரமெல்லாம் சாதாரணப் பேச்சுதான். காசிமேட்டில் இன்றைக்கு வஞ்சிரம் என்ன விலை, வடிவுடையம்மன் கோயிலில் கூட்டம் எப்படி, பக்கத்து வீட்டுக் குட்டி நடக்க ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது. டியூட்டி பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். சொல்ல முடிந்ததை அவனே சொல்வான்.

7. டிவியில் செய்தி வரும் நாளில்

2024 அக்டோபரில் லெபனானில் ஐ.நா. படையின் தலைமையகம் இருக்கும் நகூராவில் தாக்குதல் நடந்து, அமைதிப் படையினர் காயமடைந்ததாகச் செய்தி ஓடியது. காலடிப்பேட்டை அண்ணன் ஒருவர் செருப்பு போடாமல் கடைக்கு ஓடிவந்தார். வரைபடத்தில் பார்த்தோம். நகூரா கடற்கரையில். அவர் மகன் இருந்த இந்திய பட்டாலியன் கிழக்கே மலைப் பகுதியில். காயம்பட்டவர்கள் இந்தோனேஷியர்கள் என்று பிறகு தெரிந்தது. முதல் படியில் ஊர்ப் பெயரைக் கேட்கச் சொன்னது இதற்குத்தான்.

அந்த நாளில் செய்ய வேண்டிய வரிசை இது. ஊர் எது என்று பாருங்கள். வேறு ஊர் என்றால் டிவியை அணைத்துவிடுங்கள். அதே ஊர் என்றால் ரியர் பார்ட்டிக்கு ஒரே ஒரு போன், ஆர்மி நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு. பிறகு அவனோடு போன மற்ற தமிழ்ப் பையன்களின் வீட்டாரிடம் பேசுங்கள். சம்பவம் நடந்ததும் முகாமில் போனை நிறுத்தி வைப்பது உண்டு. போன் எடுக்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

கெட்ட செய்தி எதுவாக இருந்தாலும், பெயர் வெளியே வருவதற்கு முன் குடும்பத்துக்குச் சொல்வதுதான் முறை. யூனிட்டிலிருந்து வராத வரைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பட்டியல் எதையும் நம்பாதீர்கள், வேறு வீட்டுக்கு அனுப்பியும் விடாதீர்கள்.

8. வெளியே பேசக் கூடாதவை, போனில் வரும் திருடர்கள்

நீலத் தொப்பி போட்ட போட்டோவை ஸ்டேட்டஸில் வைக்க ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் முகாம், வண்டி நம்பர், பின்னால் தெரியும் கட்டிடம், எந்த ஊர், எப்போது லீவு, எந்த விமானம் எதையும் போடக் கூடாது. 2020-இல் ராணுவம் ஃபேஸ்புக் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொன்னது. பையன் நீக்கிவிட்டு, அம்மா அதே படத்தைப் போட்டால் என்ன பயன்?

கோயில் கொடை பேனரில் ஊர்ப் பெயரோடு படம் போடுகிறோம் என்று வருகிற தெருப் பிள்ளைகளிடமும் அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது மோசடி. ‘உங்க மகன் அனுப்பிய பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது’, ‘உங்க மகனுக்கு அடிபட்டுவிட்டது, உடனே பணம் அனுப்புங்க’, ‘ஹெட்குவார்ட்டர்ஸிலிருந்து பேசுகிறேன், அவன் எங்கே டியூட்டி?’ இந்த மூன்றும் எங்கள் கடைக்கு வந்த பெற்றோருக்கு வந்தவை. ராணுவம் வைத்தியத்துக்கு வீட்டில் பணம் கேட்காது. மகன் எங்கே இருக்கிறான் என்று ஹெட்குவார்ட்டர்ஸ் உங்களைக் கேட்காது. போனை வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கை மாறிக்கொண்டே இருக்கும்.

9. தபால், பொட்டலம், கோர்ட் நோட்டீஸ்

தபாலில் ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், யூனிட், அவன் கொடுத்த ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலைய) எண், 9-இல் தொடங்கும் பின்கோடு மட்டும். உதாரணமாக, 56 ஏ.பி.ஓ. நாட்டின் பெயரையோ ஊர்ப் பெயரையோ சேர்க்காதீர்கள். சேர்த்தால் வேறு வழியில் போய் அலையும்.

சாப்பாட்டுப் பொருளைத் தபாலில் அனுப்புவதைவிட, லீவில் வந்து திரும்புகிற பையனிடம் கொடுத்தனுப்புவதுதான் நடக்கிற வழி. அவனுக்கும் எடைக் கணக்கு உண்டு. ஒரு கிலோவுக்கு மேல் திணிக்காதீர்கள். ஊறுகாய் வேண்டாம், எண்ணெய் கசிந்து அந்தப் பிள்ளையின் யூனிஃபார்மே பாழாகும். கருவாடு வேண்டவே வேண்டாம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடியை நன்றாக வறுத்து, ஆறவிட்டு, இரட்டைக் கவரில் போட்டு ஒட்டுங்கள். சூடாகக் கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டிவிடும்.

அவன் பெயருக்குக் கோர்ட் நோட்டீஸ் வந்தால், வீட்டில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வெளிநாட்டில் பணியில் இருக்கும் வீரர் மீது அவர் இல்லாத நேரத்தில் வழக்கு ஓடிவிடாமல் இருக்க 1925-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. கலெக்டர் மூலமாக நீதிமன்றத்துக்குத் தெரியப்படுத்தி வழக்கை ஒத்திவைக்கலாம். யூனிட்டுக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் உடனே எழுதுங்கள். பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் அந்த அலுவலகம் உதவும். ‘முன்னாள்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு, நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

10. திரும்பி வந்த பிறகு

சென்ட்ரலுக்கு மாலையோடு முப்பது பேர் போக வேண்டாம். வீட்டு ஆட்கள் போதும். முதல் வாரம் விருந்து, பெண் பார்ப்பது, கோயில் சுற்றுவது எதுவும் வைக்காதீர்கள். தூங்கட்டும்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவனுக்கு மலேரியா மாத்திரை வந்த பிறகும் சில வாரம் இருக்கும். டாக்டர் சொன்ன நாள் வரை விடாமல் போடுகிறானா என்று கவனியுங்கள். காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. மாநகராட்சி சுகாதார நிலையத்திலேயே எடுப்பார்கள். டாக்டரிடம் முதல் வார்த்தையாக ‘இவன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவன்’ என்று சொல்லுங்கள். நம் ஊர்க் காய்ச்சல் என்று நினைத்து வைத்தியம் பார்த்தால் அங்கத்திய மலேரியா ஒன்றிரண்டு நாளிலேயே மூளை வரைக்கும் போய்விடலாம்.

வட சென்னைக்காரர்கள் எதிர்பார்க்காத ஒன்று வெடிச் சத்தம். சாவு ஊர்வலம் போனால் நம் தெருவில் வெடி போடாமல் போவதில்லை. என் மகன் வந்த நாலாம் நாள், தெருமுனையில் சரவெடி வைத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டோடு எழுந்து பின்கட்டு சுவரோரம் போய் நின்றான். கையில் இருந்த சாதம் அப்படியே இருந்தது. நான் வாசல் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை. மேளம் தூரமாகப் போனதும் அவனே வந்து உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டான். அதற்குப் பிறகு தெருவில் யாராவது தவறிவிட்டால், வெடி போடுவதற்கு முன்னாலேயே அவனிடம் சொல்லிவிடுவோம். முன்னாலேயே தெரிந்தால் அவ்வளவாகத் திடுக்கிடவில்லை.

இப்படிச் சில வாரம் இருப்பது சகஜம். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமே இல்லை, யாரோடும் பேச்சு இல்லை, குடி அதிகமாகிறது என்றால் ராணுவ மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே போகத் தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அவன் பேச மாட்டேன் என்றாலும் நீங்கள் கூப்பிட்டு, வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் கேட்டேன்.